பாராசிட்டமால்: 24 மணி நேரத்தில் எவ்வளவு உட்கொள்ளலாம்? முழு விவரம்

மோதி பாக் (புதுதில்லி): தலைநகரில் மழைக்காலம் ஓய்ந்து டெங்கு காய்ச்சல் தலைதூக்கும் மாதங்களில், வீடுகளில் மிக அதிகமாகப் பயன்படும் மருந்து பாராசிட்டமால். மருத்துவர் சீட்டு இன்றியே மருந்துக்கடைகளில் கிடைக்கும் இம்மருந்து, உரிய அளவில் உட்கொள்ளும்போது மிகவும் பாதுகாப்பானது. அளவு மீறினாலோ கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடியது.

உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் உட்கொள்ளத்தக்க உச்ச அளவு 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம் ஆகும். இது ஒரு மாத்திரை அட்டைக்குரிய அளவன்று. காய்ச்சலுக்கும் சளிக்கும் உடல்வலிக்கும் என அன்றைய நாளில் உட்கொண்ட எல்லா மருந்துகளிலும் உள்ள பாராசிட்டமாலின் கூட்டுத்தொகை. பலரும் தவறுவது இந்தக் கணக்கில்தான்.

தென்மேற்கு தில்லியில் ரிங் ரோடு ஓரமாக அமைந்துள்ள மோதி பாக், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளைக் கொண்ட பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கே இயங்குகிறது. அருகிலுள்ள ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் எனப்படும் முருகன் கோயில் உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இத்தகைய குடியிருப்புகளில், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்குவதும், வீட்டில் ஒருவருக்கு வந்த காய்ச்சல் அடுத்தவருக்குப் பரவுவதும் வழக்கமே. அந்நேரத்தில் எடுக்கப்படும் மாத்திரைப் பெட்டியில், பெயர் வேறாகவும் மருந்து ஒன்றாகவும் உள்ள அட்டைகள் பல இருக்கக்கூடும்.

பெரியவர்களுக்கான அளவு

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை பாராசிட்டமால் தரப்படுகிறது. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், 650 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட அளவை உட்கொள்வோர் 6 மணி நேரம் காத்திருப்பது நல்லது.

இந்திய மருந்துக்கடைகளில் 500 மி.கி., 650 மி.கி. ஆகிய இரு அளவுகளே பரவலாகக் கிடைக்கின்றன. கொரோனா பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின்னர் 650 மி.கி. மாத்திரையே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எனவே "ஒரு மாத்திரை" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. கணக்கு பின்வருமாறு:

• 500 மி.கி. மாத்திரை: 8 மாத்திரைகள் சேர்ந்தால் 4,000 மி.கி. உச்ச வரம்பு எட்டப்பட்டுவிடும்.
• 650 மி.கி. மாத்திரை: 6 மாத்திரைகளில் 3,900 மி.கி. ஆகிவிடும். ஏழாவது மாத்திரையில் அளவு 4,550 மி.கி. ஆகி வரம்பைக் கடந்துவிடும்.

நான்கு கிராம் என்பது எட்டியே தீர வேண்டிய இலக்கன்று. கடக்கக் கூடாத எல்லை. மருத்துவரின் மேற்பார்வை இன்றித் தாமாகவே மருந்து உட்கொள்வோர் நாளொன்றுக்கு 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். அந்தக் கணக்கில் 500 மி.கி. மாத்திரை ஆறும், 650 மி.கி. மாத்திரை நான்குமே ஒரு நாளுக்கு உரியவை.

"ஒரு நாள்" என்பதையும் கவனிக்க வேண்டும். நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. இரவு 11 மணிக்கு உட்கொண்ட மாத்திரை மறுநாள் இரவு 11 மணி வரை கணக்கில் இருக்கும்.

தெரியாமல் கூடும் அளவு

பாராசிட்டமால் பல கூட்டு மருந்துகளிலும் கலந்துள்ளது. மூக்கடைப்பு, தும்மலுக்கான சளி மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமைன் ஆகியவற்றுடன் பாராசிட்டமாலும் இருப்பது வழக்கம். மூட்டுவலி, முதுகுவலிக்கான மாத்திரைகளில் அசிக்ளோஃபினாக் அல்லது டிரமடால் என்னும் மருந்துடன் அது சேர்க்கப்படுகிறது. வயிற்றுப்பிடிப்புக்கான சில மாத்திரைகளில் டைசைக்ளோமினுடன் இடம்பெறுகிறது. பலரும் அறிந்த காம்பிஃபிளாம் மாத்திரையில் இபுப்ரோஃபென் 400 மி.கி.யுடன் பாராசிட்டமால் 325 மி.கி. உள்ளது.

எடுத்துக்காட்டாக, காய்ச்சல், சளி, உடல்வலி ஆகிய மூன்றும் ஒருசேர உள்ள ஒருவரின் ஒரு நாள் மருந்துகளைக் கணக்கிடுவோம்:

• காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை: 2,600 மி.கி.
• சளிக்கு 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த மாத்திரை மூன்று வேளை: 1,500 மி.கி.
• உடல்வலிக்கு 325 மி.கி. பாராசிட்டமால் கலந்த மாத்திரை இரண்டு வேளை: 650 மி.கி.

மொத்தம் 4,750 மி.கி. மூன்று மருந்துகளும் தனித்தனியே உரிய அளவில்தான் உட்கொள்ளப்பட்டுள்ளன. எனினும் அவர் உச்ச வரம்பை 750 மி.கி. கடந்துவிட்டார். இதே நிலை மூன்று, நான்கு நாள்கள் தொடர்ந்தால், தாம் அளவு மீறி மருந்து உட்கொள்கிறோம் என்ற ஐயம் சிறிதும் இன்றியே அவரது கல்லீரல் பாதிப்படையக்கூடும்.

வணிகப் பெயர்களும் குழப்பத்தை விளைவிக்கின்றன. குரோசின், கால்பால், டோலோ ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்கள், உள்ளிருப்பது பாராசிட்டமாலே. இலங்கையில் பனடோல் என்றே இம்மருந்து பரவலாக அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் இதன் பொதுப்பெயரே அசிட்டமினோஃபென். டைலெனால் என்பது அங்கு புகழ்பெற்ற வணிகப் பெயர். வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்து தரும் மாத்திரைப் புட்டியில் அசிட்டமினோஃபென் என்று இருந்தால், அதனைப் பாராசிட்டமால் என்றே கொள்ள வேண்டும்.

மருந்துக்கடைகளில் மாத்திரை அட்டையை வெட்டி நான்கைந்து மாத்திரைகளாகத் தரும் வழக்கமும், சில சிறு மருத்துவமனைகளில் காகித உறையில் உதிரியாகத் தரும் வழக்கமும் உள்ளன. பெயர் அச்சிடப்பட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டால், வீட்டில் இருப்பவருக்கு அது எந்த மருந்து என்று அறிய வழியில்லை. வாங்கும்போதே "இதில் பாராசிட்டமால் உள்ளதா, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டு உறையின் மீது எழுதி வாங்குவது எளிய தீர்வாகும்.

யாருக்கு அளவு குறைய வேண்டும்?

நான்கு கிராம் வரம்பு எல்லோருக்கும் பொருந்துவதன்று. பின்வருவோர் மருத்துவரிடம் தமக்குரிய அளவைக் கேட்டறிந்த பின்னரே உட்கொள்ள வேண்டும்:

• கல்லீரல் நோய் உள்ளவர்கள், நாள்தோறும் மது அருந்துவோர், ஊட்டச்சத்துக் குறைவுற்றோர். இவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் என்ற வரம்பே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இது 500 மி.கி. மாத்திரை நான்கிற்குச் சமம்.
• 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ள பெரியவர்கள். இவர்களுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. என்ற கணக்கை மருத்துவர்கள் பின்பற்றுவதுண்டு. 40 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு இது வேளைக்கு 600 மி.கி., நாளுக்கு 2,400 மி.கி. ஆகும்.
• காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகியவற்றையோ, வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் ஆகியவற்றையோ உட்கொள்வோர். இம்மருந்துகள் பாராசிட்டமாலின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடியவை.
• இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர். பாராசிட்டமாலைத் தொடர்ந்து பல நாள்கள் உட்கொண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடும்.
• காய்ச்சலால் சில நாள்களாகச் சரிவர உணவு உட்கொள்ளாதவர்கள்.

கருவுற்ற பெண்களுக்குக் காய்ச்சல், வலிக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்தாகப் பாராசிட்டமாலே இருந்து வருகிறது. கருவுற்ற காலத்தில் இதனை உட்கொள்வதற்கும் குழந்தைக்கு ஆட்டிசம் ஏற்படுவதற்கும் தொடர்பு இருப்பதை உறுதிசெய்யும் அறிவியல் சான்று தற்போது இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2025 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. எனினும் கருவுற்றோர் மருத்துவரின் ஆலோசனையுடன், குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு உட்கொள்வதே முறை.

குழந்தைகளுக்கு எடையே அளவுகோல்

குழந்தைகளுக்கான அளவு வயதை விட எடையைக் கொண்டு கணிக்கப்படுவதே சிறந்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேற்படாமல், நான்கு வேளைகளுக்குள் என்பது பொதுவான கணக்கு.

இங்கே எச்சரிக்கை தேவைப்படுவது மருந்தின் செறிவில். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் இந்தியாவில் 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப், 5 மில்லிலிட்டருக்கு 250 மி.கி. உள்ள சிரப், ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது.

8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு உரிய அதிகபட்ச அளவு 120 மி.கி. அதனைப் பெற, 120 மி.கி. சிரப்பில் 5 மி.லி., 250 மி.கி. சிரப்பில் 2.4 மி.லி., சொட்டு மருந்தில் 1.2 மி.லி. போதுமானது. முன்பு சிரப்பைக் கொடுத்த பழக்கத்தில், சொட்டு மருந்தையும் 5 மி.லி. அளந்து கொடுத்துவிட்டால், அக்குழந்தைக்கு 500 மி.கி. சென்றுவிடும். அது பெரியவர் ஒருவர் விழுங்கும் முழு மாத்திரையின் அளவு.

எனவே மருந்துடன் வரும் அளவுக் குவளை அல்லது ஊசியில்லாப் பீச்சுக்குழல் கொண்டே அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டியும் பாலாடையும் மருந்து அளக்க ஏற்றவையல்ல. தாய், தந்தை, பாட்டி என மூவர் குழந்தையைக் கவனிக்கும் வீட்டில், மருந்து கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், ஒரே வேளை மருந்து இருமுறை கொடுக்கப்படுவதைத் தவிர்க்கலாம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டு மருத்துவம் செய்யாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

டெங்கு காலத்தில் கூடுதல் கவனம்

தில்லிக்கு டெங்கு புதியதன்று. 1996-ஆம் ஆண்டில் பெரும் டெங்குப் பரவலைச் சந்தித்த தலைநகரில், 2015-ஆம் ஆண்டில் 15,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். டெங்கு ஐயமுள்ள காய்ச்சலில் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால் அவை தவிர்க்கப்படுகின்றன. காய்ச்சலைத் தணிக்க எஞ்சியிருப்பது பாராசிட்டமால் ஒன்றே. காம்பிஃபிளாம் போன்ற கூட்டு மாத்திரைகளில் இபுப்ரோஃபெனும் இருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

டெங்குவோ தானாகவே கல்லீரலைத் தாக்கக்கூடிய நோய். ஆகவே டெங்கு நோயாளிகளுக்குப் பாராசிட்டமால் அளவை மேலும் குறைத்து, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேற்படாமல் தருமாறு உலக சுகாதார அமைப்பின் டெங்கு சிகிச்சைக் கையேடு அறிவுறுத்துகிறது. காய்ச்சல் முழுமையாக இறங்கவில்லை என்பதற்காக இடைவெளியைக் குறைத்து மாத்திரைகளை அடுக்கக் கூடாது. பாராசிட்டமால் வெப்பத்தைத் தணிக்குமே அன்றி, காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அழிக்காது. காய்ச்சல் இரண்டு நாள்களைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனையே அடுத்த படி; அடுத்த அட்டை மாத்திரை அன்று.

கல்லீரலில் என்ன நிகழ்கிறது?

உட்கொண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் என்.ஏ.பி.கியூ.ஐ. எனப்படும் நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரலில் இயல்பாகச் சேமிக்கப்பட்டுள்ள குளுட்டாத்தயோன் என்னும் பொருள் அந்த நச்சை உடனுக்குடன் முறித்துவிடுகிறது.

மருந்தின் அளவு மீறும்போது நச்சு மிகுதியாகச் சுரந்து, குளுட்டாத்தயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது. எஞ்சிய நச்சு கல்லீரல் உயிரணுக்களை நேரடியாகத் தாக்கி அழிக்கிறது. பட்டினி கிடப்போரிடமும் ஊட்டச்சத்துக் குறைந்தோரிடமும் அந்தக் கையிருப்பு முன்னரே குறைந்திருப்பதால், அவர்களுக்கு ஆபத்து விரைவில் நேர்கிறது.

பாராசிட்டமால் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது 1956-ஆம் ஆண்டில். அளவு மீறினால் கல்லீரல் அழியும் என்பது 1966-ஆம் ஆண்டில்தான் மருத்துவ இதழில் பதிவானது. இன்று இதற்கு முறிமருந்து உண்டு. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் அம்மருந்து, குளுட்டாத்தயோன் கையிருப்பை மீண்டும் நிரப்பிக் கல்லீரலைக் காக்கிறது. மருந்து மிகுதியாக உட்கொண்ட 8 மணி நேரத்திற்குள் செலுத்தப்பட்டால் அதன் பலன் மிகச் சிறப்பாக இருக்கும்.

அளவு கூடிவிட்டால் என்ன செய்வது?

பாராசிட்டமால் நஞ்சின் கொடிய இயல்பு, அது முதல் நாளில் தன்னை வெளிக்காட்டிக் கொள்வதில்லை என்பதே. முதல் 24 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, சோர்வு ஆகியவை தோன்றலாம்; எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாள்களில் வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஏற்படும். மஞ்சள் காமாலை, மனக்குழப்பம், இரத்தக்கசிவு ஆகியவை வெளிப்படும்போது கல்லீரல் பெரிதும் சேதமடைந்திருக்கும். "நன்றாகத்தானே இருக்கிறார், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது முறிமருந்துக்குரிய பொன்னான நேரத்தை வீணாக்கிவிடும்.

• வரம்பு மீறியதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மோதி பாக் பகுதியினருக்கு ரிங் ரோடு வழியே சில கிலோமீட்டர் தொலைவில் எய்ம்ஸ், சஃப்தர்ஜங் ஆகிய இரு பெரும் அரசு மருத்துவமனைகள் எதிரெதிரே உள்ளன.
• எய்ம்ஸ் வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 24 மணி நேரமும் அழைக்கலாம்.
• அவசர உதவிக்கு 112. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் சேவைக்கு 108.
• உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகள், புட்டிகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எவ்வளவு, எந்த நேரத்தில் உட்கொள்ளப்பட்டது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும்.
• வீட்டில் உப்பு நீர் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மன உளைச்சலால் ஒருவர் மிகுதியான மாத்திரைகளை உட்கொண்டிருந்தாலும் முதலில் தேவைப்படுவது மருத்துவமனையே. கடிந்துரைக்கும் நேரம் அதுவன்று. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சீட்டு இன்றி விற்கப்படும் மருந்துகள் எனத் தனியொரு பிரிவை இந்திய மருந்துச் சட்டம் நெடுங்காலமாக வரையறுக்கவில்லை. சீட்டு கட்டாயமான மருந்துகளின் பட்டியலில் பாராசிட்டமால் இடம்பெறாததால், அது தடையின்றிக் கிடைக்கிறது. மருந்து விதிகளின் 'கே' அட்டவணை பாராசிட்டமால் மாத்திரையை வீட்டு மருந்துகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டு, மக்கள்தொகை ஆயிரத்திற்கு மேற்படாத சிற்றூர்களில் சில நிபந்தனைகளுடன் உரிமமின்றி விற்கவும் இடமளிக்கிறது. பாராசிட்டமால் உள்ளிட்ட 16 மருந்துகளைச் சீட்டின்றி விற்பதை முறைப்படுத்தி, ஒருவருக்கு ஐந்து நாள்களுக்குரிய மருந்தை மட்டுமே வழங்கலாம் என்ற வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

கூட்டு மருந்துகளில் பாராசிட்டமாலை 325 மி.கி.க்குக் கட்டுப்படுத்தும் நடவடிக்கையை அமெரிக்காவும் இந்தியாவும் 2011-ஆம் ஆண்டில் மேற்கொண்டன. எனினும் 500 மி.கி. கலந்த சளி மாத்திரைகள் இந்தியச் சந்தையில் இன்றும் காணப்படுகின்றன. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு முதல், மருந்துக்கடைகளில் ஓர் அட்டைப்பெட்டிக்கு 32 மாத்திரைகள், பிற கடைகளில் 16 மாத்திரைகள் என்ற கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவரையே சார்ந்துள்ளது.

நினைவில் கொள்ள வேண்டியவை

• வீட்டிலுள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் பாராசிட்டமால் அல்லது அசிட்டமினோஃபென் என்ற பெயர் உள்ளதா எனப் பார்த்து, மில்லிகிராமைக் கூட்டிப் பார்க்கவும்.
• பாராசிட்டமால் உள்ள இரு மருந்துகளை ஒரே வேளையில் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.
• உச்ச வரம்பு 24 மணி நேரத்திற்கு 4 கிராம். தாமாக உட்கொள்வோருக்கு 3 கிராம். கல்லீரல் நோய், மதுப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு உள்ளோருக்கு 2 கிராம்.
• குழந்தைகளுக்கு எடையையும் மருந்தின் செறிவையும் பார்த்து அளக்கவும்.
• காய்ச்சலுக்கு மூன்று நாள்களுக்கு மேல் தாமாக உட்கொள்ள வேண்டாம். டெங்கு பரவும் காலத்தில் அதற்கு முன்னரே மருத்துவரை அணுகவும்.
• பாராசிட்டமால் தொடர்பான பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. ஒவ்வொருவருக்கும் உரிய மருந்து அளவை அவரவர் உடல்நிலையை அறிந்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.